கோல்டன்ராட்

வட அமெரிக்கப் புல்வெளிகளில் கோடை முதிரும் ஆகஸ்டு மாதந்தொட்டு மஞ்சட் கொத்துகளாகப் பூக்கும், சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்த பல்லாண்டுச் செடி. சிறு பூவென்று தோன்றும் ஒவ்வொன்றும், உற்று நோக்குங்கால், பல நுண்மலர்களின் தொகுதியேயாகும். சில செடிகளின் தண்டில் கோலிக்குண்டளவில் காணும் வீக்கத்தினுள் ஒருவகை ஈயின் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது. இது பூக்கும் பருவத்துத் தும்மலுக்கும் கண்ணெரிச்சலுக்கும் இச்செடியே காரணமென்று ஜனங்கள் சுமத்தும் அபவாதம் அநியாயமானது. ஏனெனில், கனத்துப் பிசுபிசுக்கும் இதன் மகரந்தம் தேனீ முதலிய பூச்சிகளின் உடலில் ஒட்டிச் செல்லுமேயன்றிக் காற்றில் எளிதிற் பரவாது. உண்மைக் குற்றவாளி, அதே சமயத்தில் பகட்டில்லாத பசும்பூக்களுடன் கண்ணிற்படாது நிற்கும் ராக்வீடு என்னும் களையே. நெப்ராஸ்கா 1895-இல் கோல்டன்ராடைத் தன் மாநில மலராக ஏற்றது. தாமஸ் எடிசன் தம் அந்திம காலத்தில் இதிலிருந்து ரப்பர் எடுக்கப் பெரிதும் முயன்றார்.