மனம் தேடிய மருந்து – 7: பின்லாந்திலிருந்து வந்த செய்தி

குரல் அடங்கியது, கை ஏன் நடுங்கியது? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

1952-ல் பாரிஸின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் மருத்துவர்கள் ழான் டெலேயும் பியர் டெனிக்கரும் கொடுத்த குளோர்ப்ரோமசின் என்ற மருந்து, மனநோயாளிகளின் காதில் ஓயாமல் கேட்ட குரல்களை அடக்கியது. கூடவே பலருக்கு உடல் விறைத்தது, கை நடுங்கியது. 1963-ல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் விடைக்கு வழி காட்டினார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையை இம்மருந்து தடுக்கிறது. குரல்களைக் கிளப்புவதில் டோபமைனுக்குப் பங்குண்டு. கைகால் இயல்பாக அசையவும் அதுவேதான் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்துக் கோட்டைப்பட்டினத்தில் மீன்பிடிக்க விசைப்படகு ஏறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இந்த மாத்திரை தூக்கக் கலக்கம் தரும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். நடுங்கும் கையால் எப்படி வலை இழுப்பது? 'மாத்திரை போட்டா வேலை ஓடல' என்று அவர் நிறுத்திவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நிறுத்திய பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பிவிடுகிறது. அப்போதுதான் வீட்டார் 'காத்து கருப்பு' என்று கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மீமிசல், தொண்டி, ராமநாதபுரம் தாண்டினால், அப்படிப் பலரைக் கூட்டிப்போகும் ஏர்வாடி தர்கா. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் மாண்டவர்கள் 28 பேர். மருந்து வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியும் சங்கிலி இருந்தது என்பதை நினைத்தால் என் மனம் ஆறவில்லை.

மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று மாதாமாதம் பார்த்து, அளவைக் கூட்டிக் குறைக்க ஊர்ப்பக்கம் ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. உள்ளே ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். நோயாளி திரைமுன் உட்கார்ந்தால் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். மாத்திரை அங்கேயே கிடைக்கும். அந்த பஸ்ஸுக்குத் தனி அத்தியாயம் எழுதுவேன்.

இப்போது 1970-களுக்குத் திரும்புவோம். நடுக்கமும் விறைப்பும் அதிகம் தராத ஒரு மாத்திரை வந்துவிட்டது: க்ளோசபின். மருத்துவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம், 1975-ல் பின்லாந்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் அடியோடு சரிந்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் க்ளோசபின் விற்பனை நின்றது.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜான் கேன் என்ற அமெரிக்க மருத்துவர் அதே மாத்திரையைக் கையில் எடுத்தார். வேறு மருந்து எதற்கும் மசியாத 268 நோயாளிகள். ஒரு சாராருக்கு க்ளோசபின். மறு சாராருக்கு நம் பழைய குளோர்ப்ரோமசின். வாராவாரம் ரத்தப் பரிசோதனை. யாருக்கு எது என்று கவனித்த மருத்துவர்களுக்கே தெரியாது. ஆறு வாரம் முடிந்து கணக்கைத் திறந்தபோது...

(தொடரும்)