கண்டியும் கடற்காற்றும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைத்து ஓட, அதற்கு அப்பால் மலைகள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1815 வரை இந்த நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த அரசுக்குப் பகைவராக வாய்த்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் கப்பலில் வந்தவர்கள். நட்பு நாடி வந்தவர்களும் அப்படியே. மலைப்பாதைகளும் கணவாய்களும் காட்டுக் காய்ச்சலும் கண்டியைக் காத்தன என்று வரலாற்று நூல்கள் சொல்வது சரிதான். ஆனால் யார், எப்போது, எந்தக் கரையில் இறங்க முடியும் என்பதைத் தீர்மானித்தது கடலில் வீசிய பருவக்காற்று. கண்டியின் போர், தூது, வணிகம் ஆகியவற்றின் தேதிகளை மாத வாரியாக அடுக்கினால் இது தெளிவாகத் தெரியும்.

இலங்கையின் தமிழ்க் கடற்கரைகளில் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். அந்தப் பருவத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையை இறக்கிவிட்டு, கிழக்குக் கரைக்கு வறண்டு சூடாக வந்துசேரும் மேல்காற்றை மட்டக்களப்பில் கச்சான் என்பர். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. கீழ்த்திசையிலிருந்து மழையோடு வருவது கொண்டல். சோளகத்தில் கொழும்பு, காலி, நீர்கொழும்புக் கடல்கள் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சித்திரை வாக்கில் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் போய் வாடி அமைத்துத் தொழில் செய்து, புரட்டாதியில் ஊர் திரும்புவது இந்தக் கணக்கினால்தான்.

வற்றும் பெருக்கும் இங்கே இரண்டாம் பட்சம். இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. பெருக்கு வரும்வரை துறைமுக வாயிலில் கப்பல் காத்து நிற்கும் வழக்கத்துக்கு இங்கு அவசியமே இருக்கவில்லை. தொந்தரவு தந்தவை களப்புகளின் முகத்துவாரங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் உடைத்துத் திறக்கும் மட்டக்களப்பு முகத்துவாரத்தைக் கோடையில் அலை மணல் கொண்டுவந்து அடைத்துவிடும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே வாசல் ஒடுங்கிவிடுவதால், பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு, ஆளையும் சரக்கையும் சிறு படகுகளில் இறக்க வேண்டியிருந்தது. கொட்டியாரக்குடாவுக்கு இந்தக் குறை இல்லை. மகாவலி கடலில் கலக்கும் அந்தக் குடா மிக ஆழமானது. அதை ஒட்டிய திருகோணமலை உள்துறைமுகம் எல்லாக் காற்றுக்கும் மறைவானது. கண்டியில் ஓடும் ஆறு கடைசியில் சேருமிடமே அரசின் சிறந்த துறைமுகமாகவும் இருந்தது.

ஆற்றின் வழி நெடுகப் படகில் போக முடியாது. பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் குறுக்கே வரும். ஆனாலும் மலை இறங்கிச் சமதரைக்கு வந்த இடமான விந்தனையில், அதாவது இன்றைய மகியங்கனையில், முதலாம் விமலதர்மசூரியனுக்கான படகுகள் கட்டப்பட்டதை ஒல்லாந்தத் தூதர் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கனின் பயணக் குறிப்பு பதிவுசெய்கிறது. அவர் 1602 மே இறுதியில் மட்டக்களப்பில் வந்திறங்கி, அந்த வழியாகக் கண்டிக்குப் போனார். அந்த மாதத்தில் மேற்குக் கரையில் கடலும் இடம் தராது. கொழும்பில் போர்த்துக்கேயரும் இருந்தனர். கிழக்குக் கரையில் இரண்டு தடையும் இல்லை. 1620இல் ஓவே கெத்தே தலைமையில் வந்த டேனியரும் கிழக்குக் கரையில் இறங்கியே செனரத் மன்னனோடு பேசினர். அது பலிக்காமல் அதே ஆண்டு தரங்கம்பாடிக்குப் போய்த் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றனர்.

கண்டிக்கு ஒரு கிழக்கு வாசல் இருப்பதைப் போர்த்துக்கேயர் இதன் பிறகே முழுதாக உணர்ந்தனர். திருகோணமலையில் 1620களின் முற்பகுதியிலும் மட்டக்களப்புப் புளியந்தீவில் 1628இலும் கோட்டை கட்டினர். வாசலை அடைத்தாயிற்று என்ற எண்ணம் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. 1638 மார்ச் 28 அன்று பேராதனைக்குப் பக்கத்திலுள்ள கன்னொறுவையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை தியோகோ த மெலோவின் போர்த்துக்கேயச் சேனையை அழித்தது. மே மாதத்தில் அதாம் வெஸ்டர்வோல்ட்டின் ஒல்லாந்தக் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வெளியே நின்றன. அந்த மாதமே கோட்டை விழுந்தது, கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே உடன்படிக்கையும் ஒப்பமாயிற்று. மறு ஆண்டு மே மாதம் திருகோணமலையும் விழுந்தது. இரண்டுமே மே மாதமாக அமைந்தது தற்செயல் அல்ல. அந்த ஆண்டுகளில் ஒல்லாந்தர் கோவாவின் வாயிலை மறித்துக் கப்பற்படை நிறுத்தினர். சோளகம் நெருங்கினால் கோவாத் துறை காற்றினாலேயே மூடிக்கொள்ளும். மறித்து நிற்க வேண்டிய தேவை தீர்ந்துவிடும். அப்படி ஓய்ந்த கப்பல்களுக்கு இலங்கையின் கிழக்குக் கரை அப்போதுதான் திறந்திருக்கும். கொழும்பிலிருந்தோ கோவாவிலிருந்தோ போர்த்துக்கேயத் துணைப்படை அந்த மாதங்களில் கடல்வழி வருவது கடினம். 1656 மே 12 அன்று கொழும்பு சரணடைந்ததிலும் இதன் நிழல் உண்டு. ஏழு மாத முற்றுகையில் பசியால் சோர்ந்திருந்த நகரம் சோளகத்தையும் கடந்து செப்டெம்பர் வரை உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்க இயலாது.

வாடைக்காலத்தின் கதையைச் சொல்ல ரொபட் நொக்ஸ் போதும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்ற நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் மறைவான துறைமுகம் ஒன்றும் இல்லை. சென்னையும் மசூலியும் திறந்த கடலே. ஐப்பசி, கார்த்திகையில் அடிபட்ட கப்பல் ஒதுங்கி மரம் ஏற்றிக்கொள்ளத் தகுந்த இடம் கொட்டியாரக்குடாதான். அங்கே வந்த கப்பலின் தலைவரும் அவர் மகன் நொக்ஸும் உட்பட 16 பேரை 1660 ஏப்ரலில் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகன் நொக்ஸ் 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பும்வரை கண்டி அரசின் ஊர்களிலேயே வாழ்ந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் காற்று பற்றிய ஒரு பகுதி உண்டு. மேல்காற்று வீசும்போது மேற்கே மழை, கிழக்கே வெயில். கீழ்க்காற்று வீசும்போது இது மாறும். இரண்டையும் பிரிக்கும் கோடு நாட்டின் நடுவில் ஓடுகிறது என்கிறார். ஒரு மலையின் ஒருபுறம் நனைந்து ஏறி, மறுபுறம் சுடுதரையில் வெறுங்காலோடு நடக்க முடியாமல் இறங்கியதாக எழுதியிருக்கிறார். மாலுமியாக வளர்ந்தவர் மலையில் இருந்துகொண்டு கண்டுபிடித்தது அது. கடலில் இரு கரைகளுக்கும் பருவம் மாறி மாறி வருவதன் காரணமும் அதே மலைத்தொடர்தான்.

1660களின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் கிழக்குத் துறைகளைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தனர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படையைக் கொட்டியாரத்தில் வரவேற்று இராஜசிங்கன் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. அதன் பிறகு அரசன் பெண்ணெடுக்க மதுரைக்கு ஆள் அனுப்பவும், சமயத் தூது அனுப்பவும் ஒல்லாந்தக் கப்பலையே கேட்க வேண்டியிருந்தது. பௌத்தத் துறவிகளுக்கு முழுத் துறவு வழங்கும் உபசம்பதாச் சடங்கு நடத்தப் போதிய பிக்குகள் இல்லாமற் போனதால் சீயத்துக்கு அனுப்பப்பட்ட முதல் தூதுக்குழுவின் கப்பல் 1741இல் பெகு கரைக்கு அப்பால் உடைந்தது. 1750இல் புறப்பட்ட குழுவே உபாலி தேரரை அழைத்துக்கொண்டு 1753 மே மாதம் திருகோணமலையில் இறங்கியது. மீண்டும் மே மாதம், மீண்டும் கிழக்குக் கரை. கண்டியில் இன்றுள்ள மல்வத்தை, அஸ்கிரியப் பீடங்களின் சீய மரபு அந்தக் கப்பலில் வந்ததுதான். 1766 உடன்படிக்கையோடு தீவின் முழுக் கரையோரமும் ஒல்லாந்தருக்குப் போயிற்று. உப்பெடுக்கும் உரிமை மட்டும் மலைநாட்டாருக்கு எஞ்சியது.

உப்பு சிறிய விஷயமல்ல. கண்டியின் அன்றாட வாழ்வைக் கடலோடு கட்டிவைத்தது அதுவே. புத்தளத்து உப்பு மழையில்லாத மாதங்களில் விளையும். அதையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாட்டுத் தவளங்கள் மலைக்கு ஏற்றின. பாக்கும் மிளகும் இறங்கின. இந்தப் போக்குவரத்துக்கென்று கண்டி அரசில் மடிகே என்ற தனித் துறை இருந்தது. அதில் பெரும்பாலும் முஸ்லிம்களே பணியாற்றினர். கலகெதரைப் பக்கத்தில் மடிகே என்ற ஊர்ப்பெயரில் அந்தத் துறையின் நினைவு நிற்கிறது. கணவாய்ப் பாதைகள் சேறாகும் மழைக்கு முன் மாடுகள் திரும்பியாக வேண்டும். எனவே கடற்கரைப் பருவம் மலையூர்க் கடைகளின் விலையிலும் தெரிந்தது.

1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலைக்காக மோதியது வாடைக்காற்றுக்குப் பயந்துதான். ஜனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வேர்ட் ஹியூஸ் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் பறித்துக்கொண்டார். துறைமுகத்தை இழந்த ஹியூஸ், வாடைக்கு முன் ஒதுங்க வங்கக்கடலில் இடமின்றிப் பம்பாய்வரை போகவேண்டி வந்தது. இடையில் ஆங்கிலேயரின் தூதராகக் கண்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஹியூ பொய்ட் கடலில் பிரெஞ்சுக் கப்பலிடம் அகப்பட்டார்.

காற்றின் விளைவைக் கண்டி நகரின் எல்லையிலேயே கண்ட ஆண்டு 1803. அதற்குள் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. பெப்ரவரியில் கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படை, ஜூன் மாதம் நோயால் பாதி செத்திருந்தது. 24ஆம் தேதி மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்றுப் புறப்பட்டார். நகருக்கு அருகே வட்டபுலுவையில் மகாவலி பெருக்கெடுத்திருந்தது. படகும் இல்லை, தெப்பம் கட்டிக் கடக்கவும் முடியவில்லை. அவர்களோடு இருந்த, ஆங்கிலேயர் முடிசூட்டிய முத்துசாமியை அரசனின் ஆட்கள் கேட்டு வாங்கிக் கொன்றனர். 26ஆம் தேதி படையே வெட்டப்பட்டது. கண்டியில் பெரிய மழை இல்லாத நாளிலும் ஆனி மாதத்தில் ஆறு பெருகும். சோளகம் மழையைக் கொட்டும் இடம் மேலே, ஆற்றின் தலைப்பகுதியில். கொழும்புக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் காற்றே வட்டபுலுவையில் ஆற்றையும் அடைத்து நின்றது. 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை வந்த கப்டன் ஜோன்ஸ்டன், ஆறு கடந்து திருகோணமலைக்குத் தப்பியது ஒக்டோபரில்.

1815இல் அரசு முடிந்தது. 1816 ஜனவரி 24 அன்று கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் கொழும்பிலிருந்து 'கோர்ன்வாலிஸ்' போர்க்கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார், அங்கிருந்து வேலூர். கொழும்புத் துறையிலிருந்து கப்பல் எடுக்க ஏற்ற மாதம் அது.

கடலும் கண்டியும் மறுபடி சேர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில். தென்கிழக்காசிய நேசநாட்டுக் கட்டளைத் தலைமையகத்தை அதன் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாற்றினார். போர்முனையிலிருந்து இவ்வளவு தொலைவில், மலைமேல் ஒரு தலைமையகமா என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. பூங்காவின் குடிசைகளில் அமர்ந்தவர்கள் திட்டமிட்டதோ வங்கக்கடல் கரையிறக்கங்கள். அந்தக் கடலில் கரையிறங்க வசதியான காலம் நவம்பர் முதல் மே தொடக்கம் வரை. ஐரோப்பாவுக்காகத் தரையிறங்கு கலங்களை எடுத்துக்கொண்டால் ஒரு மாதம் பிந்துவதோடு முடியாது. அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். 1943 இறுதியில் அந்தமானில் கரையிறங்கும் திட்டம் கைவிடப்பட்டது இப்படித்தான்.

பர்மாக் கரையில் வற்றும் பெருக்கும் இலங்கையில் போலச் சாதுவானவை அல்ல. ரங்கூன் ஆற்றில் ஏற்ற இறக்கம் சில நாட்களில் 5 மீற்றரைத் தாண்டும். அரக்கான் கரையில் 1945 ஜனவரி 12 அன்று மியெபொனில் முதல் அலைப் படையினர் பெருக்கில் இறங்கினர். நீர் வற்றத் தொடங்கியதும் பின்வந்தவர்கள் இடுப்பளவு சேற்றில் சிக்கினர். ரங்கூனை மழைக்கு முன் பிடிக்காவிட்டால் வடக்கிலிருந்து இறங்கும் தளபதி ஸ்லிமின் 14ஆவது சேனைக்கு உணவு போகாது. எனவே மே 5க்குள் கடல்வழி இறங்குவதென ஏப்ரல் தொடக்கத்தில் முடிவாயிற்று. மே 1 அன்று ஆற்றுவாயிலில் கூர்க்காக்கள் பரசூட்டில் குதித்தனர். மறுநாள் கொட்டும் மழையில், ஆழமற்ற கழிமுகத்துக்கு வெகு தூரம் வெளியே கப்பலிலிருந்து இறக்கப்பட்ட கலங்கள் பெருக்கைப் பிடித்து உள்ளே போயின. நகரத்தை ஜப்பானியர் ஏற்கெனவே காலிசெய்திருந்தனர். அந்த ஆண்டு பர்மாவில் மழை ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தியிருந்தது.

செப்டெம்பர் 9 அன்று மலாயாவின் மொரிப் கரையில், ஜப்பான் சரணடைந்த பின் நடந்த இறக்கத்தில் வாகனங்கள் இளகிய மணலிலும் சேற்றிலும் புதைந்தன. எதிர்ப்பு இருந்திருந்தால் பெரும் சேதம் நேர்ந்திருக்கும். நவம்பரில் தலைமையகம் பேராதனையை விட்டுச் சிங்கப்பூருக்குப் போயிற்று.