நுண்பாய்மச் சில்லு நோயறிதல்

மயிரிழை அகலமே உள்ள தடங்களிலும் சிறு குழிகளிலும் ஒரு சொட்டுக்கும் குறைவான இரத்தத்தையோ சளியிலிருந்து எடுத்த சாற்றையோ செலுத்தி, நோயாளி இருக்கும் இடத்துக்கு அருகிலேயே நோயைக் கண்டறியும் முறை. ஆய்வகத்தின் வேலை முழுவதையும் ஒரு சில்லில் அடக்கலாம் என்ற கருத்தை 1990-இல் ஆந்திரேயாஸ் மான்ஸ் குழுவினர் முன்வைத்தனர். 2007-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு வெறும் தாளிலேயே தடங்கள் அமைத்தது; அதில் திரவம் தந்துகி விசையால் தானே நகரும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் சிறுநீர் தானாக ஊறி நகர்வதும் இதே விசையால்தான்.

இவ்வளவு குறுகிய தடத்தில் திரவம் சுழிப்பதில்லை. புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையே ஓங்கி நிற்கும். மருத்துவத்துக்குப் பெரிதும் உதவியது வேறொரு பண்பு. சில மைக்ரோலிட்டர் கரைசல் நொடிகளில் சூடாகும், நொடிகளில் ஆறும். டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்குக் கரைசலைப் பலமுறை சூடாக்கி ஆற்ற வேண்டும். கரைசலின் அளவு சுருங்கியதால்தான் அந்தச் சோதனை பேட்டரியில் இயங்கும் கைப்பெட்டிக்குள் வந்தது.

இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று ட்ரூநாட் என்னும் சோதனை. இதைப் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் சந்திரசேகர் நாயர் குழுவினர் உருவாக்கினர். கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கிறது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோய்க்கான தொடக்கச் சோதனைகளுள் ஒன்றாக இதைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு கொரோனா பரிசோதனைக்கும் பயன்பட்டது.

சளியை நீர்க்கச்செய்து, ஒரு கருவியில் அதிலுள்ள டிஎன்ஏ பிரிக்கப்படுகிறது. அதில் 6 மைக்ரோலிட்டரை உறைய வைத்து உலர்த்திய வேதிப்பொருளுடன் கலந்து, சில்லின் வெள்ளைக் குழியில் விடுகிறார் டெக்னீஷியன். குழியின் உட்புறம் கீறக்கூடாது, வெளியே சிந்தக்கூடாது. ஒருமுறை பயன்படுத்திய சில்லை மறுமுறை பிசிஆர் கருவி ஏற்காது; அந்தத் தகவல் சில்லிலேயே பதிந்துவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு. கிருமி இருந்தால், மீதமுள்ள டிஎன்ஏவைக் கொண்டே ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இன்னொரு சில்லில் பார்க்கலாம்.

சேலத்துக்குக் கிழக்கே விருத்தாசலம் ரயில் பாதையில் உள்ள அயோத்தியாப்பட்டணம் போன்ற பேரூராட்சிக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். தறியிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போகிறவர் சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று சம்பளத்தை இழந்தால் பாதியிலேயே நின்றுவிடுவார்; நோய் வீட்டாருக்கும் பரவும். வேதிப்பொருளை 30 டிகிரி வரை குளிர்பெட்டிக்கு வெளியிலேயே வைக்கலாம் என்பதும் அனுகூலம்தான். ஆனால் சேலத்துக் கோடை அதைத் தாண்டும். இருப்பு அறைக்குக் குளிர்ச்சி வேண்டும்.

இந்தியா, எத்தியோப்பியா, பெரு, பப்புவா நியூகினி ஆகிய நாடுகளில் நடந்த ட்ரூநாட் ஆய்வில், கிருமி வளர்ப்புச் சோதனையில் உறுதியான நோயாளிகளில் 73 விழுக்காட்டினரை முதல் வகைச் சில்லும், 80 விழுக்காட்டினரை ‘பிளஸ்’ வகையும் நுண்ணோக்கி மையங்களிலேயே கண்டுபிடித்தன. எனவே அறிகுறி நீடித்தால், ‘இல்லை’ என்று வந்த முடிவோடு நிறுத்திவிடக் கூடாது.

தாளைப் போலவே பட்டு நூலும் சில்லாகலாம். பெங்களூரின் அச்சிரா ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெய்த துணியே திரவத்தைக் கடத்தும் தடமானது. நீரை உறிஞ்சும் இழையையும் விலக்கும் இழையையும் சேர்த்து நெய்தால் தடத்தின் எல்லை தறியிலேயே அமைந்துவிடும். தூய்மை அறையும் விலையுயர்ந்த அச்சும் தேவையில்லை. வெண்பட்டுக்குப் பெயர்பெற்ற சேலத்தில் இதற்கான கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறது.