விந்துப் பரிசோதனை அறிக்கை: காட்சியும் கருதலும்

மயிலாடுதுறையைச் சூழ்ந்த சோழநாட்டுப் பகுதியில் சந்தான பாக்கியம் வேண்டுவோர் நாடிச் செல்லும் தலங்களுள் திருவெண்காடு சிறப்பு வாய்ந்தது. அங்குள்ள சூரிய, சந்திர, அக்கினி தீர்த்தங்களாகிய முக்குளத்தில் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் தம் மனைவியாருடன் நீராடி வழிபட்டதன் பயனாகவே மெய்கண்டார் அவதரித்தார் என்பது சைவ மரபு போற்றிவரும் வரலாறு. மகப்பேறின்மையைத் தம்பதிகள் இருவருக்கும் பொதுவான குறையாகக் கொண்டது அம்மரபு. இன்றைய குடும்பங்களிலோ, விவாகமாகி ஓராண்டு கடந்ததும் மருமகள் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லப்படுகிறாள். மகனையும் சோதித்துப் பார்க்கலாமே என்ற பேச்சு எழுவதற்குள் மேலும் சில ஆண்டுகள் வீணாகிவிடுகின்றன. கருத்தரியாமையால் வருந்தும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் உண்டு என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மையாதலின், செலவு குறைந்ததும் வலியற்றதுமான விந்துப் பரிசோதனை தொடக்கத்திலேயே செய்யப்பட வேண்டும் என்பதும், அதன் அறிக்கை ஆண்மையின் மீது எழுதப்பட்ட தீர்ப்பாக அன்றி ஒரு சாட்சியமாகவே வாசிக்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பொருளை ஆராயப் புகுமுன் அளவையை ஆராய்ந்து, காட்சி, கருதல், உரை எனப் பிரமாணங்களை வகுத்துக் காட்டினார். அந்த ஒழுங்கு நமக்கு இங்கும் துணை செய்கிறது. நுண்ணோக்கியின் கீழ் எண்ணப்பட்ட அணுக்களின் தொகை காட்சி. ‘இவருக்குக் குழந்தை பிறக்காது’ என்பது கருதல். முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவும் அவசரமே பல இல்லங்களில் துயரத்தை விளைவிக்கிறது.

முதற்கண் காட்சி பழுதற்றதா என்று கேட்க வேண்டும். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் சேர்க்கையைத் தவிர்த்திருந்தபின் மாதிரி கொடுக்க வேண்டும் என்பது விதி. முதலில் வெளிப்படும் பகுதியிலேயே அணுக்கள் செறிந்திருப்பதால், அது சிந்திவிட்டால் எஞ்சியதை எண்ணிப் பயனில்லை. குத்தாலத்துக்கு அப்பாலிருந்து வீட்டில் எடுத்த மாதிரியுடன் பஸ் ஏறி வருபவர், உடற்சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சேர்ப்பிக்கத் தவறினால், அணுக்களின் அசைவு குன்றிக் காணப்படுவது வழியின் குற்றமேயன்றி உடலின் குற்றமன்று. மேலும், ஒரு விந்தணு உருவாவதற்குச் சுமார் 74 நாட்களும், முதிர்ந்து வெளிவருவதற்கு அதற்குமேல் சில நாட்களும் செல்வதால், இன்று எண்ணப்படுவது ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையின் விளைவு. இடையில் கடுங்காய்ச்சல் கண்டவருடைய எண்ணிக்கை தற்காலிகமாக வீழ்ந்திருக்கக் கூடும். குறை தோன்றினால் இரண்டாம் முறையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயாகும்.

இனி எண்களைக் காண்போம். உலக சுகாதார நிறுவனம் 1980 முதல் வெளியிட்டுவரும் கையேட்டின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு கோடி அணுக்கள் என்றிருந்த கீழ்வரம்பு, 2010இல் ஒன்றரைக் கோடியாகவும் 2021இல் ஒரு கோடியே 60 லட்சமாகவும் மாற்றப்பட்டது. ஒரு கோடியே 70 லட்சம் கொண்ட ஒருவர், உடலில் எவ்வித மாறுதலும் இன்றியே, முந்தைய பதிப்பின்படி குறையுள்ளவராகவும் பிந்தையவற்றின்படி குறையற்றவராகவும் ஆகிவிடுகிறார். பிந்தைய இரு பதிப்புகளின் வரம்பு, மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆடவர்களை அளந்து, அவர்களுள் கடைசி ஐந்து சதவிகிதத்தினரைப் பிரிக்கும் கோடாக வகுக்கப்பட்டது. அக்கோட்டுக்குக் கீழே நின்ற அந்த ஐந்து சதவிகிதத்தினரும் தந்தையரே என்பதை மறக்கலாகாது. மில்லிலிட்டருக்கு ஒரு கோடியே 20 லட்சம் என்ற எண்ணைக் கண்டு அஞ்சுபவர், விந்தின் அளவையும் பெருக்கிப் பார்க்கட்டும்: மூன்றரை மில்லிலிட்டர் இருப்பின் மொத்தம் நான்கு கோடியே 20 லட்சமாகி, மொத்த எண்ணிக்கைக்கு விதிக்கப்பட்ட மூன்று கோடியே 90 லட்சத்தையும் கடந்துவிடுகிறது, இரண்டு மில்லிலிட்டர் மட்டும் இருப்பின் கடப்பதில்லை. இயல்பான உருவம் நான்கு சதவிகிதம் என்ற வரியைக் கண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றாறும் பழுது என்று கலங்குவோர் பலர். அதுவோ மிகக் கண்டிப்பான உருவ இலட்சணத்தை வைத்து எண்ணுவதால் வரும் தொகை, வரம்புக்கு உட்பட்டதே.

காலக் கணக்கிலும் பிழை நேர்கிறது. ஓராண்டு முயன்றும் கருத்தரியாமையே குறையெனப்படும். வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து செல்லும் நம் பகுதி இளைஞருக்கு, மூன்றாண்டு மண வாழ்வில் மனைவியுடன் வாழ்ந்த காலம் சில மாதங்களாகவே இருக்கலாம்.

இவ்வளவு கூறியதால் அறிக்கையைப் புறக்கணிக்கலாம் என்பது கருத்தன்று. அணுக்களே காணப்படாத நிலையில், பாதை அடைப்பா, உற்பத்திக் குறைவா என்று ஹார்மோன் சோதனையால் பிரித்தறிய வேண்டும். விதைப்பை நரம்புப் புடைப்பு, புகைப் பழக்கம், தசை வளர்ப்பதற்கென ஏற்றிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆகியவை எண்ணிக்கையைக் குறைக்கவல்லவை. டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லி மருந்தைத் தயாரித்த தொழிலாளர் பலர் மலடாயினர் என்பது 1977இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்ட செய்தி. வயலில் மருந்து தெளிப்போர் தம் தொழிலை மருத்துவரிடம் மறவாது கூறுதல் நலம். ஒரே அணுவைக் கருமுட்டையினுள் செலுத்தும் முறை 1992இல் வெற்றி கண்டபின், மிகக் குறைந்த எண்ணிக்கையும் நம்பிக்கையின் முடிவாக இருப்பதில்லை.

ஆகவே, பரிசோதனைக்கூடத்தார் சேர்க்கையைத் தவிர்த்த நாட்களையும் மாதிரி கிடைத்த நேரத்தையும் அறிக்கையில் தவறாது குறிக்க வேண்டும். மருத்துவர் எண்ணோடு அதன் பொருளையும் எடுத்துரைக்க வேண்டும். மருமகளைச் சோதனைக்கு அனுப்பும் பெரியவர்கள் அதே வாரத்தில் மகனையும் அனுப்ப வேண்டும்.