கொள்ளும் தாது வருஷத்துப் பஞ்சமும்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்வோர், வாய்க்கால் நீர் எட்டாத செம்மண் மேடுகளை வழிநெடுகக் காண்பர். இம்மேடுகளின் வரலாற்றை அரசர்களிடமிருந்து தொடங்குவதைவிடக் கொள்ளுச் செடியிடமிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம். கொள்ளு மிகப் பழைய பயிர். பல்லாரிக்கு அருகே சங்கனகல்லு என்னும் புதிய கற்கால ஊரில் அகழ்ந்தெடுத்த கரிந்த கொள்ளு விதைகள் 3000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை.

ஏனைய பயிர்களை விதைத்தான பின், புரட்டாசி ஐப்பசியில், மிஞ்சிய ஈரத்தை நம்பிக் குடியானவன் கொள்ளை விதைக்கிறான். மழை நின்றுவிட்டால் அச்செடி என்ன செய்கிறது? இலைகளிலுள்ள நுண்துளைகளை மூடி, நீர் ஆவியாவதைக் குறைத்துக்கொள்கிறது. உச்சிவேளையில் இலைகள் தம் விளிம்பை வெயிலுக்குக் காட்டித் திரும்பி நிற்கின்றன. வேரோ ஈரத்தைத் தேடிக் கீழிறங்குகிறது. வறட்சி முற்றினால் முதிர்ந்த இலைகள் உதிரும். பிறகு ஒரு மழை பெய்தால் கணுக்களில் தளிர் விடும்; மீண்டும் பூக்கும். ஆயினும், காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துத் தரும் வேர்முடிச்சுகள் முதலிலேயே சோர்ந்துவிடுகின்றன. ஈரம் திரும்பிய பின்னும் அவை தெளியச் சில நாள் ஆகும். நிலக்கடலைக்கு வேறொரு சங்கடம் உண்டு: பூத்த பின் அதன் விழுது மண்ணுள் இறங்க வேண்டும்; காய்ந்து இறுகிய மண் அதற்கு வழிவிடாது.

இந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டின் தென்மேற்கு மழையும் உரிய காலத்தில் வரவில்லை. தளிர்க்கச் செடி இருந்தாலல்லவா மழைக்குக் காத்திருக்கலாம்? இதுவே தாது வருஷத்துப் பஞ்சம்.

நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் வாங்குமளவுக்கு 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். 1½ ராத்தல் தானியமும், அதனுடன் காய்கறியும் புரத உணவும் வேண்டும் என்பது அவர் வாதம். மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்தது: 1¼ ராத்தல் தானியம், 1½ அவுன்ஸ் பருப்பு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறது பழமொழி. எலும்பும் தோலுமாய் நின்றவனுக்கோ ஒன்றரை அவுன்ஸ் பருப்புக்குக் கூட வழக்காட வேண்டியிருந்தது!

1877 செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டியது. செடிகொடிகள் பசுமை பெற்றன. ஆனால் மழையோடு மலேரியாவும் வந்து, பட்டினியால் நலிந்த உடல்களை வாரிக்கொண்டு போயிற்று. விதைத் தானியத்தையும் தின்று தீர்த்த குடும்பத்துக்கு ஈரமண் இருந்து என்ன பயன்?

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் ஜில்லாவில் 1871-இல் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம் மக்கள் இருந்தனர். 1881-இல் எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய 16 இலட்சம். பழைய தொகையை ஜில்லா மீண்டும் நெருங்கியது 1891-ஆம் ஆண்டுக் கணக்கில்தான்.