சுழல் துப்பாக்கி சொல்லும் வரலாறு

பொருட்காட்சிச் சாலைகளில் பழைய படைக்கலங்களைக் காணும் மாணவர்கள் பெரும்பாலும் அவற்றை வியந்து நோக்கிவிட்டு அப்பாற் செல்வர். அவற்றை வினவுவோர் சிலரே. ஆனால், மனிதன் செய்த கருவி எதுவும் ஊமையன்று. கேட்கத் தெரிந்தவர்க்கு அது விடை கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய பெருந்துளைச் சுழல் துப்பாக்கி, அதாவது ரிவால்வர், அத்தகைய கருவி. இதில் மருந்தை எவ்வாறு இட்டனர்? இதனைக் கை எவ்வாறு பற்றிற்று? இதனை வைத்திருக்க யாருக்கு உரிமை இருந்தது? இம்மூன்று வினாக்களை அதனிடம் கேட்போம்.

சுழல் துப்பாக்கி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர். 1814-இல் பிறந்த இவர், 1830-இல் கோர்வோ என்ற கப்பலில் பாஸ்டன் நகரத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அப்பயணத்தின்போதே மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்பது வழக்கு. எனினும், கருத்து முற்றிலும் புதியதன்று. பாஸ்டன்வாசியாகிய எலிஷா காலியர் 1818-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சுழலும் உருளையுடைய துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றுவது. தட்டினால் வெடிக்கும் சிறு செப்பு மூடி பரவிய பின்னரே, பல அறைகள் கொண்ட துப்பாக்கி நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பேட்டர்சன் நகரில் அவர் நிறுவிய தொழிற்சாலையோ 1842-இல் மூடப்பட்டது.

அவருக்கு மறுவாழ்வு தந்தது போர். மெக்சிகோவுடன் அமெரிக்கா போரிட்ட காலத்தில், சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவரின் ஆலோசனையோடு 1847-இல் பெரிய துப்பாக்கியொன்று உருவாயிற்று. அதன் துளை 0.44 அங்குலம், எடை நாலரை இராத்தலுக்கும் மேல், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோகிராம். அரசாங்கம் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு ஆணையிட்டது. ஓர் அறைக்கு 60 கிரெயின், ஏறத்தாழ நான்கு கிராம், கரிமருந்து கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் சில துப்பாக்கிகளின் உருளைகள் வெடித்துச் சிதறின. துளையைப் பெருக்குவது எளிது. அதற்கு ஈடுகொடுக்கும் இரும்பைப் பெறுவதே அரிது.

இதில் மருந்திடும் முறையைக் கேளுங்கள். முதலில் அறையின் முன்வாயில் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். பின்பு ஈயக் குண்டை வைத்து, குழலின் கீழுள்ள நெம்புகோலால் அழுத்த வேண்டும். ஆறு அறைகளுக்கும் இவ்வாறு செய்தபின், உருளையின் பின்புறமுள்ள ஆறு முனைகளிலும் வெடிமூடிகளைப் பொருத்த வேண்டும். ஆறு முறை சுடச் சில நொடிகள். மீண்டும் நிரப்பவோ பல நிமிடங்கள்! குதிரைமேல் அமர்ந்த வீரன் மழையில் இதனைச் செய்வதை எண்ணிப் பாருங்கள். ஆகவே நிரப்பிய உருளையையோ இரண்டாவது துப்பாக்கியையோ உடன் கொண்டு செல்வோரும் இருந்தனர்.

இத்தொல்லைக்கு மருந்து என்ன? குண்டு, மருந்து, வெடிமூடி ஆகிய மூன்றையும் ஒன்றாக அடக்கிய உலோகத் தோட்டாவே. அதனைப் பின்புறத்திலிருந்து செருக வேண்டுமாயின், உருளையின் அறைகள் முன்னும் பின்னும் திறந்திருத்தல் வேண்டும். இவ்வமைப்புக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் கொடுப்பதாக அவரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு, 1857-இல் தன் முதல் துப்பாக்கியை வெளியிட்டது. அது 0.22 அங்குலமே உடைய சிறு கருவி. பிறர் எவரும் அவ்வமைப்பைக் கையாள முடியவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அமெரிக்காவில் செய்த பெருந்துளைச் சுழல் துப்பாக்கிகளில் பழைய முறைப்படியே குண்டும் மருந்தும் இட்டுப் போரிட்டனர்.

இது அறிவுக் குறைவால் நேர்ந்ததா? அன்று. பிரான்சு நாட்டில் லெஃபோஷே என்பவர் 1854-லேயே இருபுறமும் திறந்த உருளையுடைய துப்பாக்கியை உருவாக்கினார். 1858-இல் அந்நாட்டுக் கடற்படை அதனை ஏற்றது. அத்துப்பாக்கிகளை அமெரிக்க வடபுல அரசே போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கிற்று! உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் கையைக் காப்புரிமை கட்டிப்போட்டது. அக்காப்புரிமை 1869-இல் முடிந்தது. அதனை நீட்டிக்கும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870-இல் இசைவு மறுத்தார். அவ்வாண்டிலேயே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 0.44 அங்குலத் துப்பாக்கியை வெளியிட்டது. நடுவில் மடித்தால் வெற்றுத் தோட்டாக்கள் யாவும் ஒருங்கே வெளியேறும். 1873-இல் கோல்ட் நிறுவனத்தின் 0.45 அங்குலத் துப்பாக்கி வந்தது. அதில் பக்கவாயில் வழியே தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். அதன் தோட்டாவில் தொடக்கத்தில் 40 கிரெயின் மருந்து இருந்தது. பின்னர் இராணுவம் அதனைக் குறைத்துக்கொண்டது. அறைகள் ஆறு ஆயினும், அறிந்தோர் ஐந்தையே நிரப்பி, சுத்தியின் கீழுள்ள அறையை வெறுமையாக விடுவர். துப்பாக்கி தவறி விழுந்தால் தானே வெடிக்கும் அபாயம் உண்டு.

இரண்டாவது வினா கைப்பிடி பற்றியது. பெரிய தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அவ்வுதையைத் தாங்குவது கை. கோல்ட்டின் கைப்பிடி ஏர்க்கலப்பையின் மேழிபோல் வளைந்தது; உதைக்கும்போது அது கைக்குள் சற்றே உருளும், மணிக்கட்டுக்கு நோவு குறையும். ரஷ்ய இராணுவத்துக்காக ஸ்மித் அண்டு வெஸ்ஸன் செய்த துப்பாக்கியிலோ, பிடி மேலே நழுவாதபடி அதன் பின்புறத்தில் ஒரு திமில் வைத்தனர். பிரிட்டிஷ் வெப்ளி துப்பாக்கியின் பிடி பறவையின் தலைபோல் வளைந்திருந்தது. 1915-இல் வந்த ஆறாம் வகையில் அது அகன்று சதுர வடிவமாயிற்று. படைவீரனுக்கு வால்நட் மரப்பிடி, செல்வனுக்குத் தந்தப்பிடி, பிற்காலத்தில் மலிவான கெட்டி ரப்பர் பிடி. கைப்பிடியைக் கண்டே அதனைப் பற்றியவன் நிலையை ஓரளவு உணரலாம்.

வெப்ளி துப்பாக்கியைப் பிரிட்டிஷ் இராணுவம் 1887-இல் ஏற்றது. அதன் 0.455 அங்குலக் குண்டின் எடை 265 கிரெயின், ஏறக்குறைய 17 கிராம். இத்துப்பாக்கிக்கு 1898-இல் முனை குழிந்த குண்டு ஒன்றைச் செய்தனர். உடலில் பாய்ந்ததும் விரிந்து கொடிய காயம் செய்வது அது. விரியும் குண்டுகளை 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாடு போரில் தடை செய்தது. அதன் பின்னர் அத்தோட்டா படையிலிருந்து விலக்கப்பட்டது. 1932-இல் பிரிட்டன் 0.38 அங்குலத் துப்பாக்கிக்கு மாறிற்று. குறைந்த பயிற்சியுடையோர்க்குச் சிறிய தோட்டாவே கைவந்தது.

மூன்றாவது வினா நம் நாட்டைத் தொடுவது. பிரிட்டிஷ் அதிகாரிகள் சேவைத் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கியைத் தம் விருப்பப்படி விலைக்கு வாங்கி வைத்திருந்தனர். இந்தியருக்கோ, லிட்டன் பிரபு காலத்தில் 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் உரிமம் இன்றிப் படைக்கலம் கூடாது என்றது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்களித்தனர். ஒரே கருவி ஒருவன் இடையில் அணியாகவும், மற்றொருவன் இல்லத்தில் குற்றமாகவும் இருந்தது! ஆயுதத்தின் மீது கொண்ட ஆசையன்று, இப்பாகுபாடே நம் தலைவர்களைக் கொதிக்கச் செய்தது. விடுதலை பெற்றபின் 1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் அப்பழைய சட்டத்தை நீக்கிற்று. இன்றும் உரிமம் வேண்டும். ஆனால் நிறம் பார்த்து விலக்களிப்பதில்லை.

மாணவர்களே! கருவிகளைப் படைப்பது அறிவு என்பர். அது பாதி உண்மையே. இரும்பின் வலிமையும், கையின் தாங்குதிறனும், நாட்டின் சட்டமும் சேர்ந்தே அதற்கு வடிவம் தருகின்றன. எந்தக் கருவியையும் உலகுக்கு நன்மை தருவதாகவோ தீமை தருவதாகவோ ஆக்குவது அச்சட்டமே. அச்சட்டத்தை நாளை இயற்றப் போகிறவர்கள் நீங்கள்.