பெயர் யாருடையது? திறமூல மென்பொருளின் கைமாற்றமும் சமூக நம்பிக்கையும்

திறமூல மென்பொருள் என்பது தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமத்தின் வழியாக இடமளிக்கும் மென்பொருளாகும். இத்தகைய திட்டமொன்றைப் பெருநிறுவனம் விலைக்கு வாங்கும்போது, நிரல் முன்போலவே அனைவர் கையிலும் இருக்க, திட்டத்தின் பெயர், பதிப்புரிமை, வழங்கிகள், முடிவெடுக்கும் அதிகாரம் ஆகிய நான்கும் புதிய உரிமையாளரிடம் செல்கின்றன. சமூகத்தின் நம்பிக்கை இந்த நான்கையும் சார்ந்தே நிற்கிறது என்பதும், இவற்றுக்கு முன்கூட்டியே காப்பு செய்துகொள்ளாதபோது தமிழ் போன்ற மொழிகளின் சிறிய தன்னார்வக் குழுக்களே பெரிய இழப்பைத் தாங்குகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஓப்பன் ஆபிஸ் என்னும் அலுவலகச் செயலித் தொகுப்பின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும். ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் நிறுவனத்தை 1999இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அதன் ஸ்டார் ஆபிஸ் நிரலை 2000 அக்டோபரில் திறந்துவிட்டது. ஆனால் பங்களிக்க விரும்பியவர்கள் தங்கள் ஆக்கத்தின் பதிப்புரிமையைச் சன் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. சன் நல்ல புரவலராக நடந்துகொண்டவரை அந்த ஒப்பந்தத்தின் கனம் பலருக்குப் புலப்படவில்லை. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கி முடித்தபோது, பல ஆண்டுத் தன்னார்வ உழைப்பின் மீதான அவ்வுரிமை, உழைத்தவர்களின் இசைவு கேட்கப்படாமலேயே ஆரக்கிளைச் சேர்ந்தது.

சன்னின் மற்றொரு திட்டமான ஓப்பன் சோலாரிசை ஆரக்கிள் அதே ஆண்டில் கைவிட்டதைக் கண்ட ஓப்பன் ஆபிஸ் பங்களிப்பாளர்கள், 2010 செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பை அறிவித்து, ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரை அதற்கு வழங்குமாறு ஆரக்கிளை வேண்டினர். ஆரக்கிள் அதற்கு இணங்கவில்லை. புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் ஓப்பன் ஆபிஸ் சமூக மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்றே கோரியது. நிரல் சமூகத்தின் கையில் இருந்தும் பெயர் இல்லாமற் போனதால், லிப்ரே ஆபிஸ் என்ற புதிய பெயரில் அவர்கள் தொடங்க வேண்டியதாயிற்று. 2011 ஜூனில் ஆரக்கிள் பழைய திட்டத்தை அப்பாச்சி அறக்கட்டளையிடம் வேறோர் உரிமத்தின்கீழ் ஒப்படைத்தது. அவ்வாறு உரிமத்தை மாற்ற அதற்கு வழிசெய்தது, பங்களிப்பாளர்கள் முன்பு இட்ட கையெழுத்தேயாகும்.

இக்கைமாற்றங்கள் தமிழ்நாட்டுக்குத் தொலைவில் நிகழ்ந்தவை அல்ல. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் இ.ஆ.ப. அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2007ஆம் ஆண்டு வாக்கில், சூசி லினக்ஸ் இயங்குதளத்தையும் ஓப்பன் ஆபிஸையும் ஏற்றுப் பிற அரசு அலுவலகங்களுக்கும் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே ‘தமிழா!’ குழுவின் தன்னார்வலர்கள் ஓப்பன் ஆபிஸைத் தமிழில் தரும் பணியில் இறங்கியிருந்தனர். அரசு தேர்ந்த இரண்டு மென்பொருள்களுமே விலைபேசப்பட்டவை. சூசி லினக்ஸ் 2003 முதல் 2018 வரை நோவெல், அட்டாச்மேட், மைக்ரோ ஃபோகஸ், இக்யூடி என நான்கு நிறுவனங்கள் வாங்க ஒப்பந்தம் செய்த பொருளாயிற்று. இவற்றுள் எந்த ஒப்பந்தத்திலும் அம்மென்பொருளை நம்பிய அலுவலருக்கோ அதைத் தமிழாக்கிய தன்னார்வலருக்கோ பேச இடமிருந்ததில்லை.

உரிமம் திறந்ததாக இருப்பதே போதிய காப்பு என்றும், உரிமையாளர் தவறினால் நிரலைப் படியெடுத்துத் தனித் திட்டமாக வளர்க்கலாம் என்றும் இதற்கு மறுப்புக் கூறப்படுவதுண்டு. கிளைபிரித்தல் எனப்படும் இவ்வுரிமை இன்றியமையாதது. லிப்ரே ஆபிஸ் இன்று உயிரோடிருப்பதே அதனால்தான். ஆயினும் அதன் செலவு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தமிழாக்கம் செய்பவர் பட்டிகளிலும் உரையாடல் பெட்டிகளிலும் வரும் ஆயிரக்கணக்கான தொடர்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறார். விசைப்பலகைக் குறுக்குவழியைக் காட்டும் அலைக்கோட்டுக் குறி ஒரு தொடரில் விடுபட்டாலும் அந்தக் கட்டளைக்கான குறுக்குவழி இல்லாமற் போகக்கூடும். திட்டம் இரண்டாகப் பிரியும் நாளில் அதுவரை செய்த பெயர்ப்பு இரண்டு கிளைக்கும் உதவும்; அடுத்த பதிப்பு முதல் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே உழைக்க வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு மொழிக் குழுக்கள் தாங்கிக்கொள்ளும் அச்சுமை, சிலரே ஓய்வு நேரத்தில் பணிசெய்யும் தமிழ்க் குழுவை முடக்கிவிடக்கூடும்.

பொருளுக்கும் பெயருக்கும் இடையிலான இப்பிளவைக் காவிரிப் படுகையின் விதைநெல்லிலும் காணலாம். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த விதைப் பகிர்வில், 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லைப் பெறும் உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருகிறார். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பின்னும், இவ்விதைகள் பகிரப்படும் நெல் திருவிழா தொடர்கிறது. திருவாரூர் முதல் பூம்புகார் வரையிலான கடைமடை உழவருக்கு மாப்பிள்ளைச் சம்பாவோ உவர்நிலம் தாங்கும் குழியடிச்சானோ எந்த நிறுவனத்தின் பெயரிலும் வருவதில்லை. பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001, தன் 39ஆம் பிரிவில், பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைக்கூடச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தந்து, வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதை மட்டும் தடுக்கிறது. விதை உழவருடையதாகவும் பெயர் நிறுவனத்தினுடையதாகவும் இருக்கும் இந்நிலையே திறமூல உரிமத்தின் நிலையும் ஆகும். பாரம்பரிய நெல்லை எவரும் விலைக்கு வாங்கிவிட முடியாததற்குக் காரணம், அதன் விதையோடு பெயரும் பொதுவில் இருப்பதும், அது பல நூறு வயல்களில் பரவியிருப்பதுமே.

கையகப்படுத்தல் எப்போதும் கேடு என்று இதிலிருந்து முடிவுசெய்வது பொருந்தாது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகளுக்கு அடிப்படையாக இருந்த கீமேன் விசைப்பலகைச் செயலி, நெடுங்காலம் தனியுரிமைப் பொருளாக இருந்து, 2015இல் எஸ்ஐஎல் இன்டர்நேஷனல் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பின் கைக்கு வந்தபின் திறமூலமாக்கப்பட்டது. வாங்குபவரின் நோக்கமும் அமைப்பும் மாறும்போது விளைவும் மாறுகிறது என்பதை இது காட்டுகிறது. ஆனால் வாங்குபவரின் நற்குணத்தை மட்டும் சார்ந்திருக்கும் நம்பிக்கை, சன்னின் காலத்தில் இருந்ததைப் போன்றதே. அடுத்த விற்பனை வரையில்தான் அதற்கு ஆயுள்.

எனவே திறமூல மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் உரிமத்தைப் படிப்பதோடு நிறுத்தாமல், பெயர் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறதா, பதிப்புரிமை பங்களிப்பாளர்களிடமே இருக்கிறதா, முடிவெடுக்கும் அவையில் ஊதியமில்லாதவர்களுக்கும் இடமுண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். தமிழாக்கக் குழுக்களும் தங்கள் சொல்தொகுதிகளை ஒரு திட்டத்தின் வழங்கியில் மட்டும் விட்டுவைக்காமல், பொது உரிமத்தில் தங்களிடமே சேமித்துவைக்க வேண்டும். விற்பனை அறிவிக்கப்பட்ட பிறகு எழுப்பப்படும் எதிர்ப்பால் மீட்க முடிவது சிறிதே; நம்பிக்கைக்குரிய காப்பு, முதல் வரி நிரல் எழுதப்படும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியதாகும்.